மூட்டு இறுகட்டும், ஸ்பிரிங் இளகட்டும்

மஸ்டாங் மாதிரி ஒரு காரை வைத்திருப்பவர்கள் முதலில் கைவைக்கிற இடம் எஞ்சின்தான். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், டியூனிங், காசு கொஞ்சம் தாராளமாக இருந்தால் சூப்பர்சார்ஜர். ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தக் காசை எடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். 2015-ல் வந்த மஸ்டாங் ஜி.டி.யை எடுத்துக்கொள்வோம். 5 லிட்டர் வி8, 435 குதிரைத்திறன், 542 நியூட்டன் மீட்டர் டார்க். மேனுவல் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 3.66, பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் காரில் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியலின் விகிதம் 3.73. இரண்டையும் பெருக்கினால் எஞ்சினின் டார்க் 13.6 மடங்குக்கு மேல் பெருகி, ஏறத்தாழ 7,400 நியூட்டன் மீட்டராகப் பின் சக்கரங்களுக்கு வந்து சேர்கிறது. அந்தக் காரின் பின் டயர் 275/40 ஆர்19. ஆரம் சுமார் 35 சென்டிமீட்டர். வழியில் உராய்வில் போவதைக் கழித்தாலும், காரை முன்னே தள்ளக் காத்திருக்கும் விசை 1,800 கிலோ எடைக்குக் குறையாது.

டயர் எவ்வளவு தாங்கும் என்று இப்போது பார்ப்போம். காரின் எடை சுமார் 1,680 கிலோ. அதில் பின்னால் இருப்பது 47 சதவீதம், அதாவது 790 கிலோ. வண்டி 0.6 ஜி வேகமுடுக்கத்தில் கிளம்புகிறது, அதன் எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.72 மீட்டர். எடையை முடுக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கி, இந்த இடைவெளியால் வகுத்தால் முன்னாலிருந்து பின்னால் சாயும் பாரம் கிடைக்கும்: ஏறத்தாழ 185 கிலோ. ஆக, பின் டயர்கள் மேல் 975 கிலோ. அந்த 0.6 ஜி-க்குத் தேவைப்படும் தள்ளுவிசையோ சுமார் 1,008 கிலோ. தன்மேல் இருக்கும் பாரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே டயர் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது; நல்ல சாலை டயர் ஒன்று சூடேறிய நிலையில் தரக்கூடிய உச்சம் ஏறக்குறைய அவ்வளவுதான். எஞ்சினிடம் 1,800, டயரிடம் 1,000. முதல் கியரில், கார் கடையிலிருந்து வந்தபடியே, கையிலிருக்கும் சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நாம் பயன்படுத்துகிறோம். இதன்மேல் இன்னும் நூறு குதிரைத்திறனைச் சேர்த்து என்ன செய்ய?

பின்சக்கரப் பிடிப்பைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒரு தவறான நம்பிக்கையில்தான் ஆரம்பிக்கிறது. காரின் பின்புறம் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு எடை பின்னால் போகிறது என்பது அந்த நம்பிக்கை. மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அதில் ஸ்பிரிங் எங்கேயும் வரவில்லை. வண்டி சீராக வேகமெடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் சாயும் பாரத்தை முடிவு செய்பவை எடை, முடுக்கம், எடைமையத்தின் உயரம், சக்கரங்களின் இடைவெளி, இவ்வளவுதான். பின்புறம் அமுங்குவது அந்தப் பாரம் வந்ததன் விளைவு, காரணம் அல்ல. கல் மாதிரி ஸ்பிரிங் போட்டாலும் அதே 185 கிலோதான். அப்படியென்றால் சஸ்பென்ஷனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை நிறைய இருக்கிறது. வந்து சேர்ந்த பாரம் டயர்மேல் நிலையாக நிற்கிறதா, துள்ளுகிறதா? இரண்டு டயருக்கும் சமமாகப் போகிறதா, ஒன்றின்மேலேயே ஏறுகிறதா? டயரின் முழு அகலமும் தரையில் படிகிறதா, உள்ளோரம் மட்டும் உரசுகிறதா? சஸ்பென்ஷன் கையில் இருப்பது இதுதான்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு டயரின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். பாரம் கூடக்கூட டயரின் பிடிப்பும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. பாரத்தை இருமடங்காக்கினால் பிடிப்பு இருமடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். அதனால் ஒரு டயரில் 600 கிலோவும் மறு டயரில் 375 கிலோவும் இருப்பதைவிட, இரண்டிலும் 487 கிலோ இருப்பதே மொத்தத்தில் அதிகப் பிடிப்பைத் தரும். நேரத்துக்கும் இதே விதிதான். ஒரு கணம் 700, மறுகணம் 250 என்று ஏறி இறங்கும் பாரத்தின் சராசரி என்னவாக இருந்தாலும் அதனால் பயன் குறைவு. பாரம் குறைந்த கணத்தில் டயர் வழுக்கிவிடுகிறது, வழுக்கிய டயர் மறுபடி பிடிக்க அவகாசம் கேட்கிறது. சஸ்பென்ஷனில் செய்கிற மாற்றம் எதுவானாலும், பாரத்தைச் சமமாகவும் நிலையாகவும் வைக்கிறதா என்ற ஒரே கேள்வியை வைத்து அதை எடைபோடலாம். அப்படி எடைபோட்டுப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் பதில், கடைகளில் அதிகம் விற்பதற்கு நேர் எதிரானது. சக்கரத்தைக் காரோடு இணைக்கும் மூட்டுகள் இறுக வேண்டும். ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும் பெரும்பாலும் இளக வேண்டும்.

மூட்டில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீல் ஹாப் என்கிற நோய் அங்கேதான் பிறக்கிறது. கிளட்சை விட்டதும் பின்சக்கரங்கள் வெறுமனே சுழலாமல், காரின் பின்பகுதியே தடதடவென்று உதறுமே, அதுதான் வீல் ஹாப். கரும்பலகையில் சாக்பீஸை நிமிர்த்திப் பிடித்துத் தள்ளினால் கோடு விழாமல் புள்ளி புள்ளியாக விழும் அல்லவா, நடப்பது அதே கதை. டயர் தரையைப் பிடிக்கிறது. டார்க் ஏற ஏற டயரின் பக்கச்சுவர் முறுக்கிக்கொள்கிறது, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் நசுங்குகின்றன, சக்கரம் தன் இடத்திலிருந்து சற்று முன்னே நகர்கிறது, அதைத் தாங்கும் சப்ஃபிரேமும் கொஞ்சம் திரும்புகிறது. இவ்வளவு முறுக்கும் சேர்ந்து டயரின் எல்லையைத் தாண்டும் கணத்தில் டயர் விட்டுவிடுகிறது. முறுக்கிய அத்தனையும் பின்னோக்கித் தெறிக்கிறது. டயர் மீண்டும் பிடிக்கிறது. நொடிக்குப் பத்துத் தடவைக்கு அருகில் இது நடக்கும்போது ஆக்ஸில் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியல் பற்களும் வாங்கும் அடி, எஞ்சினின் டார்க்கைவிடப் பல மடங்கு பெரியது. ஷாஃப்ட் உடைகிற கார்களில் பெரும்பாலானவை சக்தியால் உடைவதில்லை, இந்த உதறலால் உடைகின்றன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த அசைவு ஆரம்பிப்பது முன்னும் பின்னுமாக, முறுக்கலாக. நம் ஷாக் அப்சார்பரோ மேலும் கீழுமான அசைவை அடக்க நிற்பது. வீல் ஹாப்புக்கு விலை உயர்ந்த ஷாக் மட்டும் வாங்கிப் போட்டவர்கள் ஏமாற்றமடைவது இதனால்தான்.

ஃபோர்டு இதை நெடுநாளாக அறியும். 1979-ல் வந்த ஃபாக்ஸ் மஸ்டாங்கின் பின்னால் ஒற்றை ஆக்ஸிலும் நான்கு இணைப்புக் கைகளும் இருந்தன. 1980-களின் நடுவில் அதன் சக்தி வாய்ந்த மாடல்களில் வழக்கமான இரண்டு பின் ஷாக்குகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். அவற்றைப் படுக்கை வசமாகப் பொருத்தினார்கள். ஆக்ஸில் முறுக்குவதைத் தடுப்பது மட்டுமே அவற்றின் வேலை. ஜெனரல் மோட்டார்ஸ் பட்ட பாடு இன்னொன்று. 2004-ல் வந்த காடிலாக் சி.டி.எஸ்-வி, தனித்தனிப் பின் சஸ்பென்ஷன் கொண்ட கார், வீல் ஹாப்புக்கே பேர் வாங்கியது. அடுத்த தலைமுறையில், 2009-ல், அவர்கள் செய்த வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் தீர்வுகளில் ஒன்று: இடது ஷாஃப்ட்டையும் வலது ஷாஃப்ட்டையும் வெவ்வேறு தடிமனில் செய்தார்கள். முறுக்கு விறைப்பு இரண்டுக்கும் வேறு என்பதால் இரண்டு சக்கரமும் ஒரே தாளத்தில் துடிக்க முடியாது. ஒன்றின் துடிப்பு மற்றதைக் கெடுத்துவிடும். சஸ்பென்ஷனில் கைவைக்காமலே உதறலின் ஒத்திசைவை உடைத்துவிட்டார்கள்.

2015 மஸ்டாங்குக்கு வருவோம். எஸ்550 என்று அழைக்கப்படும் இந்தத் தலைமுறையில்தான் எல்லா மஸ்டாங்கும் தனித்தனிப் பின் சஸ்பென்ஷனுக்கு மாறியது. அதற்கு முன் 1999 முதல் 2004 வரை கோப்ரா மாடலில் மட்டும் அது இருந்தது. 390 குதிரைத்திறன் கொண்ட 2003 கோப்ராவின் சொந்தக்காரர்களில் பலர் உதறல் தாங்காமல் அதைக் கழற்றிவிட்டுப் பழைய ஒற்றை ஆக்ஸிலையே மாட்டிக்கொண்டார்கள் என்பது அந்த உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. எஸ்550-ல் கீழே ஒரு அகலமான கை, அதையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் ஒரு குட்டையான செங்குத்து இணைப்பு, மேலே சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கும் கேம்பர் கை, கூடவே சக்கரத்தின் திசையைப் பிடித்துவைக்கும் டோ கை. முறுக்கைத் தாங்குவது அந்தக் குட்டை இணைப்பு. வடிவமைப்பு நல்ல வடிவமைப்புதான். பலவீனம் எங்கே என்றால், இத்தனையும் பொருந்தியிருக்கும் சப்ஃபிரேம் நான்கு பெரிய ரப்பர் புஷ்கள் வழியாகத்தான் காரின் உடலோடு சேர்கிறது. டிஃபரன்ஷியல் அந்த சப்ஃபிரேமோடு வேறு புஷ்களால் சேர்கிறது. ரப்பருக்குமேல் ரப்பர். பி.எம்.ஆர், ஸ்டீடா போன்ற நிறுவனங்கள் இந்தக் காருக்கு விற்கும் பொருட்களில் மிகவும் பயனுள்ளது என்று நான் நினைப்பது, இந்த சப்ஃபிரேம் அசைவதைத் தடுக்கும் எளிய தாங்கிகளும் பூட்டு வளையங்களும். புஷ்ஷைப் பிடுங்காமல், அதைச் சுற்றியிருக்கும் இடைவெளியை அடைத்துவிடுகின்றன. அடுத்தது, அந்தக் குட்டை இணைப்பிலும் டோ கையிலும் ரப்பருக்குப் பதில் பேரிங் வைப்பது. டோ கை இறுகினால் இன்னொரு நன்மையும் உண்டு: ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்சக்கரங்கள் திசை மாறித் திரும்புவது நிற்கிறது, காரின் வால் ஆடுவது குறைகிறது. ஃபோர்டே 2018-ல் காரைப் புதுப்பித்தபோது பின் சஸ்பென்ஷனில் ஒரு மூட்டை மாற்றிப் பக்கவாட்டு விறைப்பைக் கூட்டியது. எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ரப்பரை எடுத்தால் சத்தம் வருமே என்பார்கள். வரும். ரப்பர் அங்கே இருப்பது முட்டாள்தனத்தால் அல்ல; சாலையின் இரைச்சலும் டிஃபரன்ஷியல் பற்களின் ஊளையும் உள்ளே வராமல் தடுக்க வைத்தது. அதனால்தான் எல்லாப் புஷ்ஷையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்கிறேன். சப்ஃபிரேமைப் பூட்டினால் சத்தம் கொஞ்சம்தான் கூடும், பயன் பெரிது. டிஃபரன்ஷியல் புஷ்ஷை அலுமினியமாக மாற்றினால் ஊளை நேரே காதுக்கு வரும், அதற்கேற்ற பயன் கிடைப்பது பந்தயக் காருக்குத்தான். தினமும் ஓட்டுகிற காருக்கு அங்கே பாலியூரித்தேன் செருகல் போதும். அதுவும் மற்றதெல்லாம் செய்து முடித்தபிறகு.

இதைவிட வலுவான ஆட்சேபம் டயர் பற்றியது. நல்ல டயர் போட்டால் தீர்ந்தது, இவ்வளவு எதற்கு? இதில் பாதி உண்மை. சரியான டயர் இல்லாமல் மற்ற எதையும் செய்வது வீண். காற்றழுத்தத்தையும் வீல் அலைன்மென்ட்டையும் பார்க்காமல் பாகம் வாங்குவது அதைவிட வீண். ஆனால் பிடிப்பு அதிகமான டயர் வீல் ஹாப்பைக் குறைப்பதில்லை. விடுவதற்கு முன் அது அதிகமாக முறுக்க விடுகிறது. தெறிப்பும் அதற்கேற்பப் பெரிதாகிறது. சாதாரண டயரில் லேசாக நடுங்கிய கார், நேர்கோட்டுப் பந்தயத்துக்கான டிராக் ரேடியல் டயரை மாட்டியதும் ஷாஃப்ட்டை உடைப்பது இப்படித்தான். டயரை மேம்படுத்துகிறவர் மூட்டையும் மேம்படுத்தியே ஆக வேண்டும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கிறதே என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: அது எஞ்சினைத் தணிக்கும், பிரேக்கைப் பிடிக்கும். இருக்கிற பிடிப்பை வீணாக்காமல் காக்கத்தான் அதற்குத் தெரியும், இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

ஸ்பிரிங் விஷயத்தில்தான் காசு அதிகம் வீணாகிறது. காரை இறக்கி, விறைப்பான ஸ்பிரிங் போட்டு, தடித்த ஆன்டி-ரோல் பார் மாட்டினால் கார் பார்க்க அழகாகவும் திருப்பத்தில் தட்டையாகவும் இருக்கும். பின்சக்கரப் பிடிப்புக்கு அது எதிரி. சமமில்லாத சாலையில் விறைத்த ஸ்பிரிங் ஒவ்வொரு மேட்டையும் பாரத்தின் ஏற்றஇறக்கமாக மாற்றி டயருக்குக் கொடுக்கிறது. இறக்கிய காரில் பின்சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வேகமெடுக்கும்போது பின்புறம் இன்னும் அமுங்க, சாய்வு இன்னும் கூடி, 275 மில்லிமீட்டர் அகல டயரின் உள்ளோரம் மட்டும் தள்ளும் வேலையைச் செய்கிறது. இறக்கத்தான் வேண்டுமென்றால் நீளம் மாற்றக்கூடிய கேம்பர் கையையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். பிடிப்பு மட்டுமே குறிக்கோளாக இருந்தால் ஒரு கார் நிறுவனம் என்ன செய்கிறது என்று பாருங்கள். 2018-ல் டாட்ஜ் சேலஞ்சர் டீமன் வந்தது, 840 குதிரைத்திறன். முன் ஸ்பிரிங்கின் விறைப்பை 35 சதவீதமும் பின் ஸ்பிரிங்கினதை 28 சதவீதமும் குறைத்தார்கள். ஆன்டி-ரோல் பார் முன்னால் 75 சதவீதம், பின்னால் 44 சதவீதம் இளகியது. டயர் 315 மில்லிமீட்டர் அகல டிராக் ரேடியல். கால் மைலை 9.65 நொடியில் கடந்த கார் அது. உலகில் எந்த ஸ்பிரிங்கை வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஒரு நிறுவனம் இளகிய ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தது.

அது நேர்கோட்டில் ஓட மட்டுமே பிறந்த கார், வளைவில் ஓட்டுகிறவனுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்பது நியாயம். டீமன் அளவுக்கு இளக்கினால் மஸ்டாங் திருப்பத்தில் படகாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளைவிலிருந்து வெளியேறும் கணத்தில் விதி மாறுவதில்லை. திருப்பத்தில் பாரம் வெளிச்சக்கரங்களுக்குச் சாய்கிறது. அந்தச் சாய்வில் எவ்வளவு முன்னால் ஏற்கப்படுகிறது, எவ்வளவு பின்னால் என்பதை ஆன்டி-ரோல் பார்களின் விறைப்பு தீர்மானிக்கிறது. பின் பாரைத் தடிமனாக்கினால் பின் உட்சக்கரம் லேசாகி, மிதித்ததும் அதுதான் முதலில் சுழலும். பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜில் வரும் டார்சன் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களால் இயங்குவது. பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்குகிற டார்க்கை ஒரு விகிதத்தில் பெருக்கி மற்றதற்கு அனுப்பும். சக்கரம் தரையைவிட்டே எழும்பினால் பெருக்க எதுவும் இருக்காது. எனவே வளைவுக்கு விறைப்பு வேண்டுமென்றால் அதை முன்னால் சேர்ப்பதே பின்சக்கரப் பிடிப்புக்கு நல்லது. மூக்கு கொஞ்சம் திரும்ப மறுக்கும். அந்த விலையைக் கொடுத்து, வளைவின் பாதியிலேயே முழுதாக மிதிக்கும் உரிமையை வாங்கிக்கொள்ளலாம்.

பழைய ஒற்றை ஆக்ஸிலே மேல் என்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதில் சாரம் இருக்கிறது. எஸ்550 உடலில் 2016-ல் ஃபோர்டு கட்டிய கோப்ரா ஜெட் டிராக் காரில் தனித்தனி சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு ஒற்றை ஆக்ஸிலைத்தான் போட்டார்கள். கேம்பர் மாறாது, உடையாது, பாரத்தை வடிவியலாலேயே டயருக்குத் திருப்பலாம். 2005 முதல் 2014 வரையிலான மஸ்டாங்கில் கீழ்க்கைகளின் பின்முனையை ஆக்ஸிலில் தாழ்வாகப் பொருத்தும் மலிவான பிராக்கெட் இதற்காகத்தான். கை முன்னோக்கி ஏறுமுகமாக இருந்தால் ஆக்ஸிலின் தள்ளுவிசை உடலை மேலே தூக்கும், அதன் எதிர்வினை கிளம்பும் கணத்தில் டயரைத் தரையில் அழுத்தும். காரை இறக்கியவர்களுக்கு அந்தக் கை இறங்குமுகமாகி எல்லாம் தலைகீழாகிவிடும். பிராக்கெட் அதைச் சரிசெய்கிறது. அதையும் அளவோடு செய்ய வேண்டும்: மிஞ்சினால் முதல் கணத்தில் டயரைக் குத்திவிட்டு, உடல் எழுந்ததும் கைவிட்டுவிடும். ஆனால் ஒற்றை ஆக்ஸிலுக்கும் பிறவிக் குறை ஒன்று உண்டு. சுழலும் டிரைவ் ஷாஃப்ட் முழு ஆக்ஸிலையும் திருகி, வலது சக்கரத்தைத் தூக்கி இடது சக்கரத்தை அழுத்துகிறது. எஸ்550-ல் டிஃபரன்ஷியல் உடலோடு சேர்ந்திருப்பதால் அந்தத் திருகல் சக்கரங்களுக்குப் போவதே இல்லை. பிறப்பிலேயே இடமும் வலமும் சமம். இதை விட்டுவிட்டு ஆக்ஸிலை மாற்றுவது சாலைக் காருக்குத் தேவையில்லாத வேலை.

வரிசை கேட்டால் இப்படிச் சொல்வேன்: டயர், அலைன்மென்ட், சப்ஃபிரேம் பூட்டு, செங்குத்து இணைப்பு, டோ கை. அதன்பிறகு விரியும் திசையையும் அமுங்கும் திசையையும் தனித்தனியே திருகக்கூடிய ஷாக்குகள். முன் ஷாக் எளிதாக விரிய வேண்டும், பின் ஷாக் பாரத்தைப் பிடித்துவைக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு காலியான மைதானத்தில் ஒருமுறை கிளம்பிவிட்டு இறங்கி வந்து தரையைப் பாருங்கள். கறுப்புக் கோடு விட்டுவிட்டு விழுந்திருந்தால் மூட்டு இன்னும் தளர்வு. ஒன்று அடர்ந்து மற்றது வெளிறியிருந்தால் பாரம் ஒருபக்கம். இரண்டு கோட்டிலும் உள்ளோரம் மட்டும் கறுத்திருந்தால் கேம்பர் அதிகம். மறுபடி அலைன்மென்ட் கடைக்குப் போங்கள், புது ஸ்பிரிங் கடைக்கு அல்ல.